ஐயமும் துணிவும்: பொதுவாழ்வின் உறுதியின்மை குறித்துக் குறளும் சிலம்பும்

முன்னுரை

அறிந்த பொருளைப் பிழையின்றிச் சொல்லும் முறையை இலக்கண நூல்கள் கற்பிக்கும். அறியாத பொருளைச் சொல்லும் முறைக்கும் விதி வகுத்தது தொல்காப்பியம். சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், ஐயத்திற்கு இடமான பொருளை எவ்வாறு சுட்டுவது என்று பேசுகிறது. தொலைவில் தோன்றுவது ஆணா பெண்ணா என்பது தெளியாதபோது, பாலை முடிவுசெய்துவிடும் சொல்லை விடுத்துப் பன்மையாற் கூறுதல் வேண்டும் என்பது அங்குக் காணும் முறை. நிற்பது மரக்கட்டையோ மனிதனோ என்னும் ஐயத்தை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். தெளிவதற்கு முன் பெயரிட்டுவிடாதே என்பதே இவ்விதிகளின் உட்கிடை எனலாம்.

இலக்கணம் தனிமனிதன் பேச்சுக்கு விதித்த இவ்வொழுங்கு பொதுவாழ்விலும் தேவைப்படும் காலத்தில் நாம் வாழ்கிறோம். மலேசியாவில், விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டு முதல் இடையறாது ஆண்ட கூட்டணி 2018 மே 9 பொதுத்தேர்தலில் ஆட்சியை இழந்தது. அத்தேர்தலில் அமைந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிவதற்குள் மூன்று பிரதமர்கள் பதவி வகித்தனர். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த ஆட்சி மாற்றங்களுக்கு இடையே பொதுத்தேர்தல் எதுவும் நடைபெறவில்லை. 2022 நவம்பர் 19 தேர்தலில் எக்கூட்டணிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. ஐந்து நாட்களுக்குப் பின்னரே புதிய பிரதமர் பதவியேற்றார். இவற்றோடு பெருந்தொற்றும் பொருள் விலையேற்றமும் சேர்ந்தன.

இத்தகைய சூழலில் நம் மேடைகளிலும் இதழ்களிலும் இரு குரல்களே மிகுதியும் கேட்கின்றன. ஒன்று, எல்லாம் விதிப்படி நடக்கும் என்னும் குரல். மற்றொன்று, முயன்றால் வெற்றி உறுதி என்னும் குரல். இரண்டும் தமிழ் நூல்களையே சான்று காட்டுகின்றன. முன்னது சிலப்பதிகாரத்தையும், பின்னது திருக்குறளையும் துணைக்கு அழைப்பது வழக்கம். இவ்விரு குரல்களும் அந்நூல்களைப் பாதியளவே வாசித்தமையால் எழுந்தவை என்பது நம் கருத்து. உறுதியற்ற நிலையில் முடிவெடுப்போர் கடமை யாது, முடிவு பிழைத்தால் பொறுப்பு யாருடையது என்னும் வினாக்களை முன்வைத்து அவ்விரு நூல்களையும் இக்கட்டுரையில் மீண்டும் அணுகுகிறோம்.

நிலையாமையும் உறுதியின்மையும்

முதற்கண் இரு சொற்களை வேறுபடுத்திக்கொள்வது நலம். நிலையாமை என்பது உலகியல் பற்றிய ஓர் உறுதியான அறிவு. இளமை கழியும், செல்வம் நீங்கும், யாக்கை அழியும் என்பதில் ஐயம் இல்லை. திருக்குறளில் நிலையாமை அதிகாரம் துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளது. பற்றை விடுதற்குரிய முதற்படியாக அது அமைகிறது.

உறுதியின்மையோ அத்தகையதன்று. நாளை யார் ஆள்வர், போட்ட முதல் திரும்புமா, நம்பியவர் சொன்ன சொல் காப்பாரா என்பனவற்றை அறியாத நிலை அது. அறியாதபோதும் ஏதேனும் ஒன்றைச் செய்தே ஆக வேண்டிய நெருக்கடியும் அதனுள் அடங்கும். நிலையாமையை உணர்ந்தவன் பற்றிலிருந்து விலகலாம். உறுதியின்மையின் நடுவே நிற்கும் அமைச்சனும் வணிகனும் குடிமகனும் விலகிச்செல்ல இயலாது. அவர்களுக்கு வேண்டுவது ஆறுதல் மட்டுமன்று, ஆராயும் முறையுமாகும்.

பொதுவாழ்வில் இழப்பு நேரும்போதெல்லாம் நாம் பொருட்பால் தரும் விடையைத் தேடாமல் துறவறவியல் தரும் விடையைச் சொல்லிவிடுகிறோம். ஒரு கூட்டுறவுச் சங்கம் நலிந்தால் செல்வம் நிலையாது என்கிறோம். ஒரு தலைவர் வாக்குத் தவறினால் உலகம் இப்படித்தான் என்கிறோம். அவ்விடைகள் பொய்யல்ல, கேட்கப்பட்ட வினாவுக்கு உரியவையல்ல.

குறளில் ஊழின் இடம்

ஊழ் என்னும் அதிகாரம் பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில் 38ஆவது, அறத்துப்பாலின் இறுதி. அடுத்த அதிகாரம் இறைமாட்சி. அதனோடு பொருட்பாலும் அரசியலும் தொடங்குகின்றன. ஊழ் பொருளுக்கும் இன்பத்திற்கும் பொதுவாதலின் அவற்றுள் ஒன்றில் வைக்கப்படவில்லை என்றும், அறத்தோடு இயைபுடைமையால் அதன் இறுதியில் வைக்கப்பட்டது என்றும் பரிமேலழகர் காரணம் கூறுவார். அக்காரணத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வைப்பின் விளைவு ஒன்று எண்ணத்தக்கது. மனிதன் கைக்கு எட்டாத ஆற்றல் ஒன்று உண்டு என்பதை முதலிற் சொல்லிவிட்டே வள்ளுவர் ஆட்சியையும் பொருளையும் பற்றிப் பேசத் தொடங்குகிறார். அதாவது, விளைவு உறுதியில்லை என்பது பொருட்பாலின் தொடக்க நிலை. அவ்வாறாயின் செய்ய வேண்டுவது யாது என்பதே தொடர்ந்துவரும் அதிகாரங்களின் பொருள்.

அரசியல் எனப் பகுக்கப்பட்ட 25 அதிகாரங்களில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் ஆகிய ஆறும் 47 முதல் 52 வரை தொடர்ந்து நிற்கின்றன. ஆறும் அறிதலையும் தெரிதலையும் பற்றியவை. அரசனின் வீரத்தைப் பாடுவதற்கு முன் அவன் ஆராய்ச்சியைப் பாடிய நூல் இது. அழியக்கூடியது, ஆகக்கூடியது, ஆனபின் தொடர்ந்து கிட்டும் ஊதியம் ஆகிய மூன்றையும் எண்ணிச் செய்க என்கிறது 461ஆம் குறள். வருவதாகத் தோன்றும் ஆக்கத்தைக் கருதிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்கிறது 463. தெளிவில்லாத ஒன்றைத் தொடங்கார் பழிக்கு அஞ்சுவோர் என்கிறது 464. இவை வணிகன் கணக்கேட்டு மொழியில் அரசனுக்குச் சொல்லப்பட்டவை என்பது நோக்கத்தக்கது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். தெளிவில்லாததைத் தொடங்காதே என்றால், எதனையும் தொடங்காமலே இருந்துவிட நேராதா? 467ஆம் குறள் இதற்கு விடை தருகிறது. எண்ணியபின் துணிய வேண்டும். துணிந்தபின் எண்ணிக்கொள்வோம் என்பது குற்றம். தமிழில் துணிவு என்னும் சொல் முடிவு, அஞ்சாமை ஆகிய இரண்டையும் குறிக்கும். முழுத் தெளிவு கிட்டிய இடத்தில் முடிவெடுக்கத் துணிவு வேண்டுவதில்லை. எண்ணிப் பார்த்த பின்னும் எஞ்சி நிற்கும் ஐயத்தின் முன்னேதான் துணிவு தேவைப்படுகிறது. எண்ணாமல் துணிவதும் துணியாமல் எண்ணிக்கொண்டே இருப்பதும் ஆகிய இரண்டையும் வள்ளுவர் விலக்குகிறார்.

2000ஆம் ஆண்டுகளில் திருக்குறளையும் மேலாண்மையியலையும் ஒப்பிடும் கட்டுரைகள் பெருகின. கருத்தரங்க மலர்களைப் புரட்டுவோர் அத்தகைய தலைப்புகளை எளிதிற் காண்பர். அம்முயற்சிகள் குறளைப் புதிய துறையினர்க்கு அறிமுகம் செய்தன. அதனை நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஆயினும் அவற்றுட் பல, குறளை வெற்றி தரும் சூத்திரமாகக் காட்டின. அது குறளின் நிலைப்பாடன்று. ஊழினால் செயல் கைகூடாமற் போயினும் முயற்சி தன் உடல் வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்னும் 619ஆம் குறள், முயற்சி தோற்கவும் கூடும் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. ஊழையும் புறங்காண்பர் என்று 620ஆம் குறள் உரைப்பது இவ்வொப்புதலுக்குப் பின்னரே. தோல்வியின் சாத்தியத்தை மறைத்துவிட்டு ஊக்கம் ஊட்டும் மேடைப்பேச்சிலிருந்து வள்ளுவர் வேறுபடும் இடம் இதுவே.

சிலம்பில் ஐயம் இருந்த இடம்

ஆராய்ந்து துணிக என்னும் அறம் தவறினால் நேர்வது யாது என்பதைச் சிலப்பதிகாரத்தில் காண்கிறோம். அரசியலில் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும் என்பதும், ஊழ்வினை வந்து பயனூட்டும் என்பதும் பதிகம் கூறும் காப்பியக் கருத்துகளுள் இரண்டு. ஒரே கொலைக்கு இரு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று மனிதப் பிழை; மற்றொன்று வினைப்பயன். வகுப்பறைகளில் நாம் இவ்விரண்டையும் பட்டியலிட்டுக் கற்பிக்கிறோம். அவை ஒன்றோடொன்று எவ்வாறு இயைகின்றன என்று கேட்பது அரிது.

கொலைக்களக் காதையை நுணுகி நோக்குவோம். அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்து செல்லும் பாண்டியனை இடைவழியிற் கண்டு பொற்கொல்லன் செய்தி உரைக்கிறான். அரசன் ஊர்காப்பாளரை அழைத்து ஆணையிடுகிறான். அவ்வாணை நிபந்தனையுடையது. தேவியின் சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணர்க என்பது அதன் பொருள். மேலோட்டமாகப் பார்த்தால் ஆராயச் சொன்னது போலத் தோன்றும். ஆனால் அந்நிபந்தனை ஆராய வேண்டியதை ஆராயவில்லை. கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது. அதில் எவர்க்கும் ஐயமில்லை. அது யாருடையது என்பதே வினா. அவ்வினா ஆணையில் இடம்பெறவில்லை. அதனினும் மேலாக, கள்வன் என்னும் பெயர் ஆணையிலேயே சூட்டப்பட்டுவிட்டது. சொல் முந்தியது, தெளிவு பிந்தியது. தெளிவதற்கு முன் பெயரிடாதே என்று தொல்காப்பிய விதியில் நாம் கண்ட ஒழுங்கு, இங்கே ஓர் உயிரின் விலைக்கு உரியதாகிறது.

அடுத்து வருவது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. மதுரையில் ஐயமே எழவில்லை என்று கூற இயலாது. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கொலைக்குரிய கள்வனுடையது அன்று என்று சொல்லத்தான் செய்தனர். பொற்கொல்லன் அவர்களை எள்ளி நகைத்து, கள்வர்க்குத் துணையாவன என மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி ஆகிய எட்டையும் வரிசைப்படுத்தி விரித்துரைக்கிறான். அவன் பேச்சு நூலறிவு நிரம்பியதாகத் தோன்றுகிறது. அதனைக் கேட்டபின் காவலருள் ஒருவன் தான் அறிந்த களவுக் கதை ஒன்றைக் கூறுகிறான். முடிவில் கல்வியற்ற களிமகன் ஒருவன் வாளை வீசுகிறான்.

இவ்வெட்டனுள் இடம், காலம், கருவி ஆகிய மூன்றும் திருக்குறளிலும் வருவன. வினைசெயல்வகை அதிகாரத்தின் 675ஆம் குறள், பொருள், கருவி, காலம், வினை, இடம் ஆகிய ஐந்தையும் மயக்கம் நீங்க எண்ணிச் செய்க என்கிறது. வள்ளுவரிடத்தில் ஆராய்ச்சியைத் தூண்டும் அதே சொற்கள், பொற்கொல்லன் வாயில் ஆராய்ச்சியை நிறுத்தும் சொற்களாகின்றன. துறைச்சொற்களும் வகைப்பாடுகளும் தம்மளவில் அறிவாகா. எளிய மனிதன் கண்ட ஐயத்தை அடக்குவதற்கும் அவை பயன்படும் என்பதை இளங்கோவடிகள் இக்காட்சியில் வைத்துக் காட்டினார் எனக் கருதுகிறோம்.

ஐயம் தெருவில் இருந்தது. அரண்மனைக்குச் செல்லும் வழி அதற்கு இல்லை. இடித்துரைப்பார் இல்லாத மன்னன் கெடுப்பார் இன்றியும் கெடுவான் என்னும் 448ஆம் குறளும், காட்சிக்கு எளியனாய் இருந்து ஆராய்ந்து முறைசெய்யாத மன்னன் தானே கெடுவான் என்னும் 548ஆம் குறளும் பாண்டியன் நிலைக்கு உரையாக அமைவதைக் காணலாம்.

பின்னர் அவையில் நிகழ்வது இதன் மறுதலை. கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்கிறான். உடைத்துப் பார்ப்பதற்கு முன்பே எது கண்டால் எது உண்மை என்பது இருவர்க்கும் பொதுவாக முடிவாகிவிடுகிறது. ஒரே வினா, ஒரே சோதனை. ஐயம் அறவே நீங்கிற்று. அவ்வினாவை முன்னரே கேட்பதற்கு அரசனுக்கு வேண்டியிருந்தது சிறிது பொறுமையே. தீர்க்க இயலாத ஐயம் மனித வாழ்வில் உண்டு, இது அத்தகையதன்று. தீர்க்கத்தக்கதாய் இருந்தும் தீர்க்கப்படாத ஐயம் இது. பொதுவாழ்வில் உறுதியின்மை என்று நாம் பெயரிடுவனவற்றுட் பல இவ்வகையினவே.

மீளத்தக்க பிழையும் மீளாப் பிழையும்

கட்டுரை காதையில் மதுரைத் தெய்வம் கண்ணகியிடம் பேசும் பகுதியைப் பழவினை உரைக்கும் பகுதியாகவே பெரும்பாலும் நினைவிற் கொள்கிறோம். ஆனால் தெய்வம் அதனை முதலிற் சொல்லவில்லை. பாண்டியர் முறைகோடாதவர் என்பதற்குச் சான்றுகளைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று வார்த்திகன் வரலாறு. வார்த்திகன் மகன் அணிந்திருந்த அணிகலன்களைக் கண்டு ஐயுற்ற அரச ஊழியர் வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி அழுது அரற்றினாள். கொற்றவை கோயிற் கதவு திறவாதாயிற்று. அரசன் காரணம் வினவி, பிழையை அறிந்து, அவனை விடுவித்து ஊர்களையும் அளித்துப் பொறுத்தருள வேண்டினான்.

இவ்வரலாறு கோவலன் வழக்கோடு நெருங்கிய ஒப்புமை உடையது. அதே நாடு, அதே போல அணிகலன் பற்றிய ஐயம், அதே போல ஆராயாத ஊழியர், அதே போல ஒரு மனைவியின் அழுகை. வேறுபாடு ஒன்றே. வார்த்திகன் சிறையில் இருந்தான், கோவலன் இறந்துவிட்டான். சிறைக்கதவைத் திறக்கலாம், வெட்டுண்ட தலையை ஒட்ட இயலாது. ஐயம் தீராத நிலையில் ஏதேனும் செய்ய நேர்ந்தால், பிழை தெரிந்தபின் திருத்திக்கொள்ளத்தக்கதையே செய்ய வேண்டும் என்னும் நெறி இவ்விரு வழக்குகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும்போது புலனாகிறது. இதனை இளங்கோவடிகள் விதியாக எழுதவில்லை. கதைகளின் வைப்பில் விளங்கவைத்தார்.

ஊழ் பேசும் நேரம்

நம் கருத்துக்குத் தடையாகும் சான்று ஒன்று உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. பாண்டியன் ஆராயாது ஆணையிட்ட இடத்திலேயே, வினை விளையும் காலமாதலின் அவ்வாறு செய்தான் என்று காப்பியம் குறிப்பிடுகிறது. கொல்வதற்குக் கொணர்க என்று சொல்லக் கருதியவன் கொன்று கொணர்க என்று சொல்லிவிட்டான் என்னும் விளக்கமும் உரைவழக்கில் உண்டு. அவ்வாறாயின் பிழையே ஊழின் செயலன்றோ, அரசன்மேற் குற்றம் எங்ஙனம் என்று வினவலாம்.

இதற்கு விடை காண, ஊழைப் பற்றி யார் பேசுகின்றனர், எப்போது பேசுகின்றனர் என்று பார்த்தல் வேண்டும். கதை கூறுவோன் பேசுகிறான். பின்னர்த் தெய்வம் பேசுகிறது. பாண்டியன் பேசவில்லை. மாணிக்கப் பரலைக் கண்ட அவன், பொன்தொழில் செய்வோன் சொல்லைக் கேட்ட யானே கள்வன் என்று சொல்லி உயிர் துறக்கிறான். முன்னர்ப் பிறனுக்கு ஆராயாது சூட்டிய பெயரை ஆராய்ந்தபின் தனக்கே சூட்டிக்கொள்கிறான். ஊழ் என்னும் காரணம் அவனுக்கு எளிதிற் கிட்டியிருக்கும். அதனை அவன் தொடவில்லை. ஊழைப் பற்றிய செய்தி, பொறுப்பு ஏற்கப்பட்ட பின்னர், இழந்தவளாகிய கண்ணகிக்கு ஆறுதலாகவும் விளக்கமாகவும் சொல்லப்படுகிறது. ஊழைச் சொல்லும் உரிமை இழப்பை உண்டாக்கியவனுக்கு இல்லை. காப்பியம் ஊழையும் பொறுப்பையும் மாற்றி வைக்கத்தக்கனவாகக் கருதவில்லை. அவற்றை முன்பின்னாக வரிசைப்படுத்துகிறது என்பதே நம் வாசிப்பின் மையம்.

முதலும் நம்பிக்கையும்

கோவலன் மதுரைக்கு வந்தது பொருள் தேடி. இழந்த செல்வத்தை மீட்க அவனிடம் இருந்த முதல் கண்ணகியின் சிலம்பு ஒன்றே. மனைவியின் அணிகலனை முதலாக்கித் தெரியாத ஊரில் வாழ்வைத் தொடங்க எண்ணும் வணிகனின் நிலை, கடல் கடந்து வந்த நம் சமூகத்திற்குப் புதியதன்று.

மலேசிய இந்தியரின் சேமிப்பைத் திரட்டி நாட்டின் பொருளாதாரத்தில் அவர்களுக்குப் பங்கு தேடும் நோக்குடன் 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்றது. 60,000க்கும் மேற்பட்டோர் பங்கு வாங்கினர். 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் திரண்டது. பங்கு வாங்கியோருள் தோட்டத் தொழிலாளர் பலர். கால் நூற்றாண்டுக்குப் பின், 2010இல், ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கிய பங்கை 80 சென்னுக்கு வாங்கிக்கொள்ள ஒரு நிறுவனம் முன்வந்ததே அம்முதலீட்டின் முடிவாயிற்று. இதில் யார் தவறினர் என்று தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் பணியன்று. பங்கு முதலீட்டில் இழப்பும் உண்டு என்பது உண்மையே. நாம் எழுப்புவது மொழி பற்றிய வினா. பங்கு வாங்குக என்று சொல்லப்பட்டபோது, 461ஆம் குறளின் முதற்சொல்லாகிய அழிவு பற்றி அத்தொழிலாளர்க்குத் தமிழில் எவ்வளவு எடுத்துரைக்கப்பட்டது? ஆக்கத்தைப் பேசிய அளவுக்கு அழிவையும் பேசினோமா? சமூகத்தின் எழுச்சி என்னும் சொல்லின் பின்னே முதல், ஊதியம், இழப்பு என்னும் சொற்கள் மறைந்துவிட்டன என்றே எண்ணத் தோன்றுகிறது.

மீளத்தக்க துணிவுக்கும் இந்நாட்டு வரலாற்றில் எடுத்துக்காட்டு உண்டு. 1997 சூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயத்தை மிதக்கவிட்டதும் ஆசிய நிதி நெருக்கடி மூண்டது. ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 2.50 ஆக இருந்த ரிங்கிட், 1998 சனவரியில் 4.80க்கும் மேலாகச் சரிந்தது. 1998 செப்டம்பரில் மலேசியா மூலதனக் கட்டுப்பாடுகளை விதித்து, நாணய மதிப்பை 3.80 என நிலைப்படுத்தியது. அது சரியான முடிவா என்பதில் அன்று கடும் கருத்து வேற்றுமை நிலவியது. பொருளியலார் இன்றும் வாதிடுவர். விளைவு தெரியாத நிலையில் எடுக்கப்பட்ட முடிவு அது. ஆயினும் அது மாற்றத்தக்க முடிவாக இருந்தது. 2005 சூலை 21 அன்று மாற்றப்பட்டது. முடிவின் தரத்தை அதன் விளைவால் மட்டும் அளவாமல், பிழைத்தால் திரும்ப வழி விட்டிருந்ததா என்பதாலும் அளக்க வேண்டும் என்பதற்கு இதனைச் சுட்டுகிறோம்.

அரசியலில் இவ்வினா நம்பிக்கையின் வடிவம் கொள்கிறது. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுவதும் நீங்காத துன்பம் தரும் என்பது 510ஆம் குறளின் கருத்து. இதன் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு தலைவரை ஐயுறலாகாது என்று பேசுவோர் உளர். முன்பாதி இன்றிப் பின்பாதி செல்லாது. ஆராய்ச்சி நடந்தால்தான் ஐயுறாமை கடமையாகும். 2020ஆம் ஆண்டு நிகழ்வுகளுக்குப் பின், கட்சித்தாவலைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2022இல் நிறைவேறி நடைமுறைக்கு வந்தது. தனிமனிதரின் நாணயத்தை நம்பியிருந்த ஓர் இடத்தில் சட்டம் வந்து அமர்ந்தது. நம்பிக்கையை அமைப்பால் தாங்க வேண்டும் என்னும் உணர்வின் வெளிப்பாடாக இதனைக் கொள்ளலாம். அத்தகைய அமைப்பு ஒன்று இல்லாமையால்தான் மதுரைக் காவலரின் ஐயம் அவைக்களம் சேரவில்லை.

வகுப்பறை

இவ்வாய்வின் பயன் முதற்கண் நம் வகுப்பறைக்கே உரியது. தமிழ்ப்பள்ளிகளில் செய்யுளும் மொழியணியும் என்னும் பகுதியின்வழி மாணவர் இளமையிலேயே குறளை மனனம் செய்கின்றனர். அது பெரும்பேறு. ஆயினும் ஒவ்வொரு குறளுக்கும் ஒரே பொருள், ஒரே சூழல், ஒரே விடை என்னும் தேர்வு முறை, ஐயத்தைப் பற்றிய நூலையே ஐயமற்ற நூலாக்கிவிடுகிறது. எண்ணித் துணியச் சொல்லும் குறளை எண்ணாமல் ஒப்பிக்கும் மாணவனை நாம் உருவாக்குகிறோம் எனில், குறை அவனிடம் இல்லை.

வழக்குரை காதையைக் கற்பிக்கும் ஆசிரியர், குற்றவாளி யார் என்னும் வினாவோடு நின்றுவிடாமல், காவலர் ஐயுற்றபோது அவர்கள் என்ன செய்திருக்கலாம் என்றும் கேட்கலாம். அரசனின் ஆணையில் எந்தச் சொல்லை மாற்றியிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான் என்று கேட்கலாம். ஊழ் அதிகாரத்தைக் கற்பிக்கும்போது 619ஆம் குறளையும் உடன்வைத்து, முயன்று தோற்றவனுக்கு என்ன சொல்வது என்று வினவலாம். இவ்வினாக்களுக்கு மதிப்பெண் வழங்குவது கடினம். ஆனால் 18 வயதிலேயே வாக்களிக்கப்போகும் மாணவர்க்கு இவற்றைவிடத் தேவையான தமிழ்ப்பாடம் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், தமிழ் மரபு உறுதியின்மையை அறியாத மரபன்று என்பதும், அதனை விதி என்று சொல்லி ஒதுக்கிய மரபும் அன்று என்பதும் விளங்கும். தெளியாததற்குப் பெயரிடாதே என்கிறது இலக்கணம். அழிவையும் எண்ணித் துணிக என்கிறது குறள். மீளாத செயலை ஆராயாது செய்தலின் விலையைக் காட்டுகிறது சிலம்பு. ஊழை அம்மரபு மறுக்கவில்லை. அதற்குரிய நேரத்தை வரையறுத்தது. ஆராய்ச்சிக்கு மாற்றாகவோ, பொறுப்பிலிருந்து தப்பும் வழியாகவோ அதனை வைக்கவில்லை.

காப்பியத்தை ஆட்சிக் கையேடாக வாசித்தல் தகுமா என்று சிலர் கேட்கக்கூடும். தகாது என்பதே நம் விடையும். சிலப்பதிகாரம் தீர்வு எதனையும் தருவதில்லை. கோவலன் மீண்டு வருவதில்லை. ஆயினும் பிழை செய்த ஒரு மன்னன், காலத்தையும் சூழலையும் பழவினையையும் சுட்டாமல் தன்னைச் சுட்டிய காட்சி நம் மொழியில் உள்ளது. பொதுப்பணத்தையும் பொதுவாக்கையும் கையாள்வோர் இழப்பு நேர்ந்தபின் மேடையேறும்போது, கேட்போராகிய நாம் அக்காட்சியை நினைவிற் கொள்வோமாயின், விதி என்னும் சொல்லை அவர்கள் சற்றுத் தயங்கியே எடுப்பர்.